இடம் இழந்த பொருளும் பெயரிடும் விரைவும்: கிருஷ்ணகிரி – ஓசூர் வட்டாரத் தொல்பொருள் அடையாளங்காணல் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தற்செயலாகவோ உலோகம் கண்டறியும் கருவியின் வாயிலாகவோ மண்ணிலிருந்து வெளிப்படும் பழம்பொருள்களை ‘இது என்ன?’ என்ற ஒற்றை வினாவால் அணுகும் போக்கு இன்று பெருகி வருகிறது. கர்நாடக எல்லையை ஒட்டிய கிருஷ்ணகிரி – ஓசூர் வட்டாரத்தை முன்வைத்து அப்போக்கை இக்கட்டுரை திறனாய்வு செய்கிறது. பொருளின் அடையாளம் அதன் வடிவத்தில் மட்டும் அடங்குவதன்று. அது கிடந்த இடம், ஆழம், உடன்கிடந்தவை ஆகியவற்றோடு சேர்ந்தே உருவாவது என்பது இக்கட்டுரையின் கருத்து. மயிலாடும்பாறை அகழாய்வு, இரும்புக் கசடு, நடுகல் வழிபாடு, கர்நாடகத்தின் நகரா ஊரில் கிடைத்த இரும்பு ராக்கெட்டுகள் ஆகியன சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கிருஷ்ணகிரி, ஓசூர், மயிலாடும்பாறை, இரும்புக் கசடு, நடுகல், சூழமைவு, புதையல் சட்டம்.

முன்னுரை

பழம்பொருள் ஒன்றைக் கண்டெடுத்தவர் அதன் பெயரை அறிய விரும்புவது இயல்பு. துருவேறிய ஓர் இரும்புத் துண்டை நிழற்படம் எடுத்து அறிந்தவரிடம் காட்டி, அது வாளா, ஈட்டியா, உழுகருவியா எனக் கேட்பதும் இயல்பே. இவ்வினாவுக்கு விடை கூறுவோர் பெரும்பாலும் வடிவத்தை நோக்கியே கூறுகின்றனர். முனை கூர்மையாயின் ஈட்டி, நீண்டு தட்டையாயின் வாள், துளையிருப்பின் கோடரி. இவ்விடைகள் சில வேளை சரியாகவும் அமையும். ஆயினும் விடை சரியா தவறா என்பதைக் காட்டிலும், அவ்விடையைப் பெறும் பொருட்டு எது இழக்கப்பட்டது என்பதே ஆய்வாளர் கருதத்தக்கது.

தொல்லியலில் ‘சூழமைவு’ என்னும் சொல், ஒரு பொருள் கிடந்த மண்ணடுக்கையும் அவ்வடுக்கில் அதனுடன் கிடந்த பிறவற்றையும் ஒருசேரக் குறிக்கும். பொருளை எடுத்த கணமே இச்சூழமைவு சிதைகிறது. முறையான அகழாய்வும் சூழமைவைச் சிதைக்கவே செய்கிறது. ஆனால் சிதைப்பதற்கு முன் அதனை அளவாகவும் வரைபடமாகவும் குறிப்பாகவும் எழுத்தில் ஏற்றிவிடுகிறது. தனியாள் தோண்டி எடுக்கும்போது அவ்வெழுத்து இல்லாமற் போகிறது. கிருஷ்ணகிரி – ஓசூர் வட்டாரத்தில் இவ்வேறுபாட்டின் விளைவு மிகத் தெளிவாகத் தெரிகிறது.

1. வட்டாரமும் அதன் நிலமும்

தருமபுரி மாவட்டத்திலிருந்து 2004 பிப்ரவரி 9 அன்று பிரிக்கப்பட்ட கிருஷ்ணகிரி மாவட்டம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய இரு மாநிலங்களின் எல்லையில் அமைந்துள்ளது. 1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை உருவானது முதல் இவ்வட்டாரத்தின் நிலப்பரப்பு வேகமாக மாறி வருகிறது. ஓசூர், சூளகிரி, பர்கூர்ப் பகுதிகளில் தொழிற்சாலைகளும் குடியிருப்பு மனைகளும் பெருகின. கிரானைட் குவாரிகள் குன்றுகளைக் குடைந்தன. மண்ணள்ளும் எந்திரம் இறங்காத ஊர்கள் குறைவு.

இந்நிலத்திலேயே புதிய கற்கால வாழிடங்களும், பெருங்கற்கால ஈமச்சின்னங்களும், நடுகற்களும், கோட்டைகளும் நெருங்கிக் காணப்படுகின்றன. சூளகிரியை அடுத்த மல்லச்சந்திரத்தின் கற்திட்டைகள் பலரும் அறிந்தவை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் மைசூருக்கும் நடந்த போர்களின் களமும் இதுவே. 1791-இல் ஓசூரும் இராயக்கோட்டையும் கம்பெனிப் படையின் வசமாயின. அவ்வாண்டு நவம்பரில் கிருஷ்ணகிரிக் கோட்டைமீது நடந்த தாக்குதல் தோல்வியில் முடிந்தது. 1792-ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் பகுதி கம்பெனிக்குக் கைமாறியது.

ஆகவே இங்கு ஒரே வயலில் கற்கோடரியும், இரும்புக்காலத்து ஈட்டிமுனையும், திப்பு காலத்துச் செப்புக்காசும், பட்டறைக் கழிவாகக் கொட்டப்பட்ட பல்சக்கரத் துண்டும் கிடைக்கக்கூடும். மேற்பரப்பில் இவை அனைத்தும் கலந்துவிடுகின்றன. மண்ணடுக்கே இவற்றைக் காலத்தால் பிரித்துக் காட்டுவது.

2. கருவி கேட்பதும் கேளாததும்

மெட்டல் டிடெக்டர் எனப் பரவலாக அறியப்படும் உலோகம் கண்டறியும் கருவியின் செயல்முறை எளியது. அதன் கம்பிச்சுருளில் மாறுதிசை மின்னோட்டம் பாயும்போது காந்தப்புலம் தோன்றுகிறது. அப்புலம் மண்ணிலுள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டங்களை எழுப்புகிறது. அவை மீண்டும் ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்க, கருவி அதனை ஒலியாக மாற்றுகிறது. திரும்பும் அலையின் காலத்தாழ்வைக் கொண்டு இரும்பா, செம்பா என ஓரளவு பகுத்தறியவும் இயலும்.

இவ்வட்டாரத்தில் இக்கருவியின் பயன்பாடு நான்கு குறைகளுக்கு உட்படுகிறது. முதலாவது, ஆழம். பொழுதுபோக்குக் கருவிகள் காசு அளவிலான பொருளைப் பொதுவாக 20 முதல் 30 செ.மீ. ஆழம் வரையே உணர்கின்றன. இரண்டாவது, பாகுபாடு. காசையும் பொன்னையும் தேடுவோர் இரும்பின் ஒலியை முடக்கிவிட்டுத் தேடுவது வழக்கம். ஆணியும் தகரமும் தொல்லை தரும் என்பதே காரணம். ஆனால் கிருஷ்ணகிரியின் தொல்வரலாற்றில் தலைமைச் சான்று இரும்பே. முடக்கப்படுவது அந்தச் சான்று.

மூன்றாவது, துரு. பல நூற்றாண்டுகள் மண்ணில் கிடந்த இரும்பு முழுவதும் துருவாக மாறிவிடுமாயின் அதன் மின்கடத்தும் திறன் பெரிதும் குன்றுகிறது. அதனால் நேற்று எறியப்பட்ட இரும்பு ஆணி உரத்து ஒலிக்க, தொன்மையான இரும்பு ஏறத்தாழ மௌனமாகிவிடக்கூடும். நான்காவது, உலோகமல்லாதவை. கரித்துண்டு, மட்கல ஓடு, எலும்பு, தானியம், கல் ஆகியவற்றுக்குக் கருவியிடம் ஒலி இல்லை.

இந்நான்கையும் மயிலாடும்பாறையோடு வைத்து நோக்குதல் வேண்டும். பர்கூர் வட்டத்தில் தொகரப்பள்ளிக்கு அருகில் மலைகளின் நடுவே அமைந்த இவ்விடத்தில் 2003-இல் பேராசிரியர் கா. ராஜன் அகழாய்வு மேற்கொண்டார். 2021-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை மீண்டும் அகழ்ந்தது. அங்கு 104 செ.மீ., 130 செ.மீ. ஆழங்களில் எடுக்கப்பட்ட இரு மாதிரிகள் ஏ.எம்.எஸ். கரிமக் காலக்கணிப்புக்கு உட்படுத்தப்பட்டன. முறையே கி.மு. 1615, கி.மு. 2172 என்னும் காலங்கள் பெறப்பட்டன. 2022 மே மாதம் சட்டமன்றத்தில் இம்முடிவு அறிவிக்கப்பட்டபோது, தமிழகத்தில் இரும்பின் பயன்பாடு 4,200 ஆண்டுகள் தொன்மையானது என்ற செய்தி பரவியது. கருப்பு-சிவப்பு மட்கலம் இரும்புக்காலத்தில் அன்றி, புதிய கற்காலத்தின் இறுதிக் கட்டத்திலேயே அறிமுகமானது என்பதும் அவ்வகழாய்வின் முடிவாகும்.

இங்குக் காலம் கணிக்கப்பட்டது இரும்புக்கு அன்று, கரிமப் பொருளுக்கு. அக்காலம் இரும்புக்கும் உரியதாவது, இரண்டும் ஒரே பண்பாட்டு அடுக்கைச் சார்ந்தவை என்ற இணைப்பினால். அவ்விணைப்பே முடிவின் முழுச் சுமையையும் தாங்குகிறது. இணைப்பைக் காட்டும் பதிவு இல்லையெனில் எஞ்சுவது துருப்பிடித்த இரும்பும் பெயரற்ற கரியும் மட்டுமே. ஒரு மீட்டருக்கும் கீழே இருந்த அக்கரியைக் கேட்கக்கூடிய பொழுதுபோக்குக் கருவி எதுவும் இல்லை.

3. ஒரு மறுப்பும் அதன் எல்லையும்

இவ்வாதத்துக்கு ஒரு மறுப்பு எழக்கூடும். கரிமம் மிகுந்த எஃகாயின், அவ்வெஃகில் உள்ள கரிமத்தைக் கொண்டே அதன் காலத்தைக் கணிக்கலாம். சேலம் மாவட்டத்து மாங்காட்டில் கிடைத்த இரும்புப் பொருளுக்கு கி.மு. 1604–1416 என்றும், தெலுங்கனூரில் கிடைத்த வாளுக்கு கி.மு. 1435–1233 என்றும் இவ்வகையில் காலம் பெறப்பட்டுள்ளது. பொருள் தன் காலத்தைத் தானே கூறுமாயின் சூழமைவு எதற்கு?

இம்மறுப்பு பகுதியளவே ஏற்கத்தக்கது. முதலாவதாக, இம்முறை எல்லா இரும்புக்கும் பொருந்தாது. இரும்பில் போதிய கரிமம் இருத்தல் வேண்டும். அது உருக்குவோர் எரித்த மரக்கரியிலிருந்து வந்ததாகவும் இருத்தல் வேண்டும். முற்றிலும் துருவான பொருளில் அக்கரிமத்தை எதிர்பார்ப்பது அரிது. மேலும், ஆய்வுக்கெனப் பொருளின் ஒரு பகுதியை அழிக்க நேரும். இரண்டாவதாக, காலம் என்பது அடையாளத்தின் ஒரு கூறு மட்டுமே. ஒரு வாள் ஈமக்குழியில் இறந்தவரின் அருகில் வைக்கப்பட்டதா, வாழிடத்தில் உடைந்து எறியப்பட்டதா, கொல்லன் உலையருகே முடிக்கப்படாமல் கிடந்ததா என்பதை அதன் கரிமம் கூறாது. அதனுடன் வைக்கப்பட்ட கலங்களும், கிடத்தப்பட்ட திசையும், கல்வட்டத்தின் அமைப்பும் கூறும். ‘எவ்வளவு பழையது?’ என்பதற்கு ஆய்வகம் விடையளிக்கலாம், ‘யாருக்கு, எதற்கு?’ என்பதற்கு நிலமே விடையளிக்க வேண்டும்.

4. கசடு: வடிவம் தோற்கும் இடம்

இவ்வட்டார வயல்களில் அடிக்கடி கிடைத்து, அடிக்கடி தவறாக அடையாளம் காணப்படும் பொருள் இரும்புக் கசடாகும். கருத்து, கனத்து, துளைகள் நிறைந்து, காந்தத்துக்குச் சற்றே ஈர்க்கப்படும் இக்கட்டியை விண்கல் எனக் கருதிப் போற்றுவோரும், பயனற்ற கல்லென எறிவோரும் உண்டு. தமிழில் இதற்குக் கிட்டம் என்றும் சிட்டம் என்றும் பெயர்கள் வழங்குகின்றன. மருத்துவ மரபில் இது மண்டூரம். நூறாண்டு கடந்த மண்டூரமே சிறந்தது என்பது ஆயுர்வேத இரசநூல் மரபின் கருத்து.

பழைய உலைகளில் இரும்பு உருகவில்லை. இரும்பின் உருகுநிலை 1538 பாகை செல்சியசு. அக்கால உலைகளின் வெப்பம் அதற்குக் குறைந்ததே. அங்கு உருகி வழிந்தது கசடு. இரும்பு பஞ்சுபோன்ற கட்டியாகத் திரண்டு உலையினுள் தங்கியது. அதனைச் சம்மட்டியால் அடித்து மாசு நீக்கினர். வழிந்த கசட்டில் இரும்பின் பங்கு மிகுதி. அதனால் அது கனமானது. வழிந்த வரிகள் அதன் மேற்பரப்பில் உறைந்து தெரியும். இன்றைய வார்ப்பாலைக் கசடோ பெரும்பாலும் கண்ணாடிபோல் பளபளத்து, எடை குறைந்திருக்கும். இவ்வேறுபாடுகளைக் கொண்டு கிருஷ்ணகிரியை அடுத்த குட்டூரில் வெளிப்பட்டது போன்ற பழைய உருக்குத்தொழிலின் கசட்டையும், ஓசூர்ப் பட்டறை ஒன்றின் அண்மைக் கழிவையும் பெரும்பாலும் பிரித்தறியலாம்.

ஆனால் வடிவ அறிவு அவ்விடத்தில் நின்றுவிடுகிறது. மேற்கூறிய பழைய முறை இரும்புக்காலத்தோடு முடிந்துவிடவில்லை. 1800–1801-இல் மைசூர் நாட்டு வழியாகப் பயணம் செய்த பிரான்சிசு புக்கானன் அம்முறையில் இரும்பு உருக்கப்படுவதை நேரில் கண்டு விரிவாக எழுதியுள்ளார். ஆக, கசட்டின் தோற்றம் செய்முறையைக் காட்டும், காலத்தைக் காட்டாது. 3,000 ஆண்டுப் பழமையான கசடும் 200 ஆண்டுப் பழமையான கசடும் கையில் ஒன்றுபோலவே கனக்கலாம். கசட்டோடு கிடந்த ஊதுகுழாயின் துண்டு, மட்கல ஓட்டின் வகை, உலையடியில் எஞ்சிய கரி ஆகியவையே காலத்தை நிறுவும். நிழற்படத்தில் கசட்டைக் கண்டு ‘சங்ககால இரும்புத்தொழில்’ என்று எழுதுவது அறிவியலாகாது.

5. மக்கள் இட்ட பெயர்கள்

தொல்லியலர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இவ்வட்டார மக்கள் இப்பொருள்களை அடையாளம் கண்டு பெயரிட்டுள்ளனர். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் நடுகற்கள் வேடியப்பன் என்னும் பெயரில் வழிபடப்படுகின்றன. ஈமச்சின்னங்களான கற்திட்டைகள் பாண்டவர் வீடு என்றும் குள்ளர் வீடு என்றும் சுட்டப்படுகின்றன. எல்லைக்கு அப்பால் கன்னட மரபில் இவை மோரியரோடு தொடர்புறுத்தப்படுகின்றன. வட கர்நாடகத்தின் இரேபெணகல் கற்திட்டைகள் அமைந்த குன்று மோரியர் குட்டா எனப்படுகிறது. தமிழ் நடுகல் கன்னடத்தில் வீரகல்லு. தமிழும் கன்னடமும் தெலுங்கும் வழங்கும் ஓசூர்ப் பகுதியில் ஒரே கல் மூன்று மொழிகளில் மூன்று கதைகளைப் பெறுவதும் வியப்பன்று.

இப்பெயர்களை அறியாமையின் விளைவு என ஒதுக்குவது ஆய்வு மரபில் நிலவும் ஒரு வழக்கம். அவ்வழக்கம் மறுபரிசீலனைக்கு உரியது. வேடியப்பன் என்ற பெயர், ஆநிரை மீட்டுப் பட்ட வீரன் ஒருவனின் வரலாற்றுப் பெயரை மறைத்துவிட்டது என்பது உண்மை. எனினும் அப்பெயரால் அக்கல் தெய்வமாயிற்று; தெய்வமானதால் அதனைப் பெயர்க்க ஒருவரும் துணியவில்லை; பெயர்க்கப்படாததால் அதன் எழுத்தும், ஆயுதங்களின் வடிவமும், நின்ற இடமும் ஆய்வாளர் வரும்வரை காத்திருந்தன. மக்கள் பொருளின் பெயரை மாற்றினர், இடத்தைக் காத்தனர். கருவியோடு தேடுபவர் இதற்கு நேர்மாறாகச் செயல்படுகிறார். அவர் ‘இரும்பு’ என்ற சரியான பெயரைப் பெறுகிறார், இடத்தை இழக்கிறார்.

மக்கள் மரபு எப்போதும் இடத்தைக் காத்தது எனக் கூறுதல் மிகையாகும். சேர்வராயன் மலையில் மெருகேற்றிய புதிய கற்காலக் கோடரிகளை மக்கள் திரட்டிச் சிறு கோயில்களில் பிள்ளையாராக வைத்து வழிபட்டதை இராபர்ட் புரூசு ஃபூட் பதிவு செய்துள்ளார். அங்குக் கற்கோடரிகள் தம் மூல இடத்திலிருந்து நகர்த்தப்பட்டன. ஆனால் அவை ஊரின் எல்லையைத் தாண்டவில்லை, விலை பேசப்படவில்லை, பலர் அறிய, பொதுவிடத்தில் இருந்தன. அதனாலேயே ஃபூட் அவற்றைக் காண முடிந்தது. ஒருவரின் பேழைக்குள் சென்ற பொருளுக்கு அவ்வாய்ப்பு இல்லை.

6. பெயருக்குக் காத்திருந்த இரும்புக் குழாய்கள்

அடையாளங்காணலில் பொறுமையின் பயனை விளக்கும் நிகழ்வு ஒன்று எல்லைக்கு அப்பால் உண்டு. கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் நகரா என்னும் ஊரில் 2002-இல் ஏறத்தாழ 160 துருவேறிய இரும்பு உருளைகள் கிடைத்தன. அவை இன்னவென அப்போது அறியப்படவில்லை. 2013-ஆம் ஆண்டளவிலேயே அவை திப்பு சுல்தான் காலத்து ராக்கெட்டுகள் என அடையாளம் காணப்பட்டன. 2018 ஜூலையில் அவ்வூரின் வறண்ட கிணறு ஒன்றை மாநிலத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட உருளைகள் வெளிப்பட்டன. அக்கிணற்று மண்ணில் வெடிமருந்தின் வாடை இருந்ததும் கருத்தில் கொள்ளப்பட்டது.

தனியே எடுத்து நோக்கின், அந்த இரும்புக் குழாய் எதுவாகவும் இருக்கலாம். உடைந்த நீர்க்குழாய் என்றோ எந்திரத்தின் உறுப்பு என்றோ கருதிப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடலாம். அது போர்க்கருவியாக அறியப்பட்டது, ஒரே இடத்தில் திரளாகக் கிடந்ததாலும், உள்ளே வெடிமருந்தின் எச்சம் இருந்ததாலும், அவ்வூர் மைசூர் அரசின் கீழ் இருந்த வரலாற்றாலும் ஆகும். பதினோரு ஆண்டுகள் அவை பெயரின்றி இருந்தன. ஆனால் ஒருங்கே பாதுகாக்கப்பட்டன. பெயரில்லாமை ஒரு பொருளுக்குக் கேடு செய்யாது. பிரிக்கப்படுதலே கேடு செய்யும்.

கிருஷ்ணகிரிக்கு இந்நிகழ்வு நேரடியாகப் பொருந்தும். அதே மைசூர்ப் படை இங்கும் பொருதது. கிருஷ்ணகிரி, இராயக்கோட்டைக் கோட்டைகளின் அடிவாரங்களில் ஈயக் குண்டும் இரும்புத் துண்டும் கிடைக்குமாயின், அவை சிதறிய ஒழுங்கே 1791-ஆம் ஆண்டுப் போரின் வரைபடமாக அமையக்கூடும். அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தில் இவ்வாறே நடந்தது. 1983-இல் காட்டுத்தீ புல்வெளியை எரித்தபின், 1984 முதல் தொல்லியலர் தன்னார்வலர்களின் துணையோடு உலோகம் கண்டறியும் கருவிகளைப் பயன்படுத்தினர். ஒவ்வொரு தோட்டாவும் கிடந்த இடம் அளந்து குறிக்கப்பட்ட பின்பே எடுக்கப்பட்டது. 1876-இல் நடந்த போரில் வீரர்கள் நகர்ந்த வழிகளை அவ்விடங்கள் காட்டின. அதே கருவி, அதே ஒலி. அளவு நாடாவும் பதிவேடும் உடனிருந்தமையே வேறுபாடு. ஆகவே இக்கட்டுரையின் திறனாய்வு கருவியை நோக்கியதன்று, பதிவின்மையை நோக்கியது.

7. ஒப்புமையின் எல்லை

வடிவ ஒப்புமையால் மட்டும் அடையாளம் காண இயலாது என்பதற்கு உலகறிந்த சான்று உரோமானியப் பன்னிருமுகிகள். பன்னிரண்டு ஐங்கோண முகங்களும், ஒவ்வொரு முகத்திலும் ஒரு துளையும், மூலைகளில் குமிழ்களும் கொண்ட இவ்வெண்கலப் பொருள்கள் ஐரோப்பாவின் வடமேற்குப் பகுதிகளில் நூற்றுக்கும் மேல் கிடைத்துள்ளன. 2023-இல் இங்கிலாந்தின் நார்ட்டன் டிஸ்னி என்னும் சிற்றூரிலும் ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. வடிவம் முழுமையாகத் தெரியும். பயன் இன்றுவரை தெரியாது. அளவுகருவி, மெழுகுத்தாங்கி, சடங்குப்பொருள் என விளக்கங்கள் பெருகின. பலவற்றின் கிடந்த சூழல் பதிவு செய்யப்படாமற் போனதால் அவ்விளக்கங்களுள் ஒன்றைத் தேர்வதற்குப் போதிய சான்று இல்லை.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 1997 முதல் நடைபெறும் கையடக்கத் தொல்பொருள் பதிவுத் திட்டம் இவ்விழப்பைக் குறைக்க முயல்கிறது. கண்டெடுத்தவர் விரும்பிவந்து பொருளைக் காட்ட, அலுவலர் அதனையும் கிடைத்த இடத்தையும் பதிவு செய்கிறார். பொருள் பெரும்பாலும் கண்டெடுத்தவரிடமே திரும்புகிறது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் இவ்வாறு பதிவாகியுள்ளன. இத்திட்டத்தை அவ்வாறே இங்குக் கொணரலாம் என்னும் கருத்து ஏற்புடையதன்று. உழுது கலைந்த மேல்மண்ணில் கிடைப்பவற்றை முதன்மையாகக் கருதி அது அமைந்தது. கிருஷ்ணகிரியின் ஈமச்சின்னங்கள் பல, உழப்படாத குன்றுச்சரிவுகளில் மெல்லிய மண்போர்வைக்குக் கீழே உள்ளன. அங்குத் தோண்டப்படும் ஒரு சாண் குழியும் கலையாத அடுக்கையே கலைக்கும். அத்திட்டத்திலிருந்து பெறத்தக்கது தேடுதலுக்கான இசைவன்று. தற்செயலாகக் கண்டவர் அச்சமின்றி வந்து கூறுவதற்கான வாயிலே.

8. சட்டமும் அச்சமும்

1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடைய எதனையும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் அறிவித்தல் வேண்டும். அறிவிப்பில் பொருளின் தன்மையும் மதிப்பும், கிடைத்த இடமும், கிடைத்த நாளும் இடம்பெற வேண்டும். அறிவிக்கத் தவறுவோர் தம் பங்கை இழப்பதோடு ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கும் உள்ளாகலாம். உரிமையாளர் இல்லையென முடிவாகும் பொருளில் கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்குரியவருக்கும் பங்குண்டு. அரசு அதனைக் கையகப்படுத்தினால், மூலப்பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டித் தர வேண்டும். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகளுள் பல இச்சட்டத்தின் வழியே வந்து சேர்ந்தவை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம் நூறாண்டு கடந்த பொருள்களைத் தொல்பொருள் என வரையறுத்து, தனியார் அவற்றை ஏற்றுமதி செய்வதைத் தடுக்கிறது.

பழைய சட்டமாயினும் 1878-ஆம் ஆண்டின் சட்டம் ‘கிடைத்த இடம்’ என்பதைக் கேட்டிருப்பது பாராட்டத்தக்கது. இன்றைய நிழற்பட அடையாளங்காணல் அதனைக்கூடப் பெரும்பாலும் கேட்பதில்லை. ஆயினும் அச்சட்டத்தின் பார்வையில் ஒரு குறை உண்டு. அது பொருளை விலையால் அளக்கிறது. திருமேனிக்கும் பொற்காசுக்கும் விலையுண்டு. கசட்டுக்கும் கரிக்கும் ஓட்டுக்கும் விலையில்லை. கருவி உலோகமல்லாததைக் கேளாதது போலவே சட்டமும் விலையற்றதைக் காண்பதில்லை. கிருஷ்ணகிரியின் தொன்மையை நிறுவியதோ விலையற்ற கரி.

நடைமுறையில் அச்சமும் குறுக்கிடுகிறது. நிலம் பறிபோகும், வீட்டுமனை வேலை நின்றுபோகும், காவல் விசாரணை வரும் என்னும் எண்ணத்தால் கண்டவர் மறைக்கின்றனர்; பொருள் பழைய இரும்புக் கடைக்கோ வணிகருக்கோ செல்கிறது. தொழிற்பேட்டைகளும் மனைப்பிரிவுகளும் விரியும் வட்டாரத்தில் இம்மறைப்பின் அளவு சிறிதாக இராது. ஆய்வாளர் இவ்வச்சத்தைக் கருதாமல் கண்டெடுத்தவரைக் குற்றவாளியாக நோக்குவது பயன் தராது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, பெயரிடல் அடையாளங்காணலின் இறுதிப் படியே ஆகும், முதற்படி பதிவு. மயிலாடும்பாறையின் கரியும் நகராவின் இரும்புக் குழாய்களும் இதனை மெய்ப்பிக்கின்றன. இரண்டு, மக்கள் வழங்கும் பெயர்கள் திருத்தப்பட வேண்டிய பிழைகள் அல்ல. அவை இடத்தைக் காட்டும் சான்றுகள். ‘பாண்டவர் வீடு’ என்னும் பெயர் வழங்கும் குன்று, கற்திட்டைகள் அழிந்த பின்னரும் தேடத்தக்க குன்றாகிறது. மூன்று, கருவியின் பயன் அதனை ஏந்துபவரின் பதிவேட்டைப் பொறுத்தது.

இவ்வட்டாரக் கல்லூரிகளின் தமிழ், வரலாற்றுத் துறைகள் இதில் ஆற்றத்தக்க பணி பெரிது. பொருளைக் கொண்டுவரும் மாணவரிடம் பொருளுக்கு முன் இடத்தைக் கேட்கும் வழக்கம் வேண்டும். எடுக்காமல் அளவுகோலோடு நிழற்படம் எடுத்தல், சுற்றுப்புறத்தையும் படத்தில் காட்டல், ஆழத்தையும் உடன்கிடந்த ஓடு, கரி, எலும்பு, கசடு ஆகியவற்றையும் குறித்தல், அவ்விடத்துக்கு ஊரார் வழங்கும் பெயரை எழுதிக்கொள்ளல், கிராம நிர்வாக அலுவலர் வழியாக ஆட்சியருக்கும் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கும் தெரிவித்தல் ஆகியன போதுமானவை. புளியிட்டுத் துலக்குவதும் அரத்தால் சுரண்டுவதும் தவிர்க்கப்பட வேண்டும். துருவில் ஒட்டிய மண்ணும் துணியிழையும் மரத்தின் சுவடும் அவற்றால் அழிகின்றன. குவாரிப் பகுதிகளிலும் பழைய போர்க்களங்களிலும் உலோக உருளைகளைத் தொடாதிருத்தல் உயிர்க்காப்பும் ஆகும்.

சூளகிரியிலும் பர்கூரிலும் அடுத்த தொழிற்பேட்டைக்கான நிலம் சமன்செய்யப்படும்போது வெளிப்படும் இரும்புத் துண்டுக்கு உடனே பெயர் கிடைக்காமற் போகலாம். அது எந்தப் புல எண்ணில், எத்தனை செ.மீ. ஆழத்தில், எதன் அருகே கிடந்தது என்னும் ஒரு வரிக் குறிப்பு எழுதப்பட்டிருக்குமாயின், பெயரைப் பின்வரும் ஆய்வாளர் கண்டுகொள்வர்.